மக்காச்சோளக் காட்டில் மார்கழி மேய்ச்சல்: ஊதியூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில், ஊதியூர் மலை கண்ணில் படும் தூரத்தில் இருக்கிறது இந்தத் தோட்டம். மொத்தம் பதினோரு ஏக்கர். அதில் ஆறு ஏக்கர் கிளுவை வேலி அடைத்த கொறங்காடு, அதாவது மானாவாரி மேய்ச்சல் காடு, நடுவே ஒரு வேலி ஓடி இரண்டு அடைப்பாகப் பிரிந்திருக்கிறது. மீதி ஐந்து ஏக்கர் கிணற்றுப் பாசனம். செம்மண்ணில் சரளை கலந்த நிலம். முப்பது தாய் ஆடுகள், எல்லாம் மேச்சேரி இனச் செம்மறி. கூடவே இரண்டு காங்கயம் பசுக்கள். கணவன், மனைவி இருவர்தான் ஆள்பலம். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறார். அவர்களை அக்கா, அண்ணன் என்றே இங்கே சொல்கிறேன். ஆடு, மாடு முழுக்க அக்கா பொறுப்பு, வெள்ளாமை அண்ணன் பொறுப்பு.

ஐந்து ஏக்கரில் மூன்று ஏக்கர் ஆடிப்பட்டத்தில் மக்காச்சோளம், இரண்டு ஏக்கர் நிலக்கடலை அல்லது சின்ன வெங்காயம். அடுத்த வருஷம் இடம் மாற்றிக்கொள்வார்கள். மக்காச்சோளத்தைக் கோழித்தீவனத்துக்கு விற்றுவிடுவார்கள். பல்லடம், உடுமலைப் பக்கம் கறிக்கோழிப் பண்ணைகளும் நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணைகளும் இருக்கும்வரை அதை விற்பதில் சிரமம் இல்லை. சிரமம் ஆட்டுக்குத்தான். மாசி பிறந்துவிட்டால் கொறங்காடு மொட்டையாகிவிடும். அப்புறம் ஆடி மழை வரும்வரை சோளத்தட்டை விலைக்கு வாங்கித்தான் ஆட்டைக் காப்பாற்ற வேண்டும். வாங்கிய தட்டுக்கும் விற்ற கிடாய்க்கும் கணக்குப் பார்த்தால் மிச்சம் ஒன்றும் நிற்காது. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் ஆடு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்கள்.

இந்தத் தோட்டத்தில் செய்து பார்த்தது இதுதான்: மக்காச்சோளம் நிற்கும்போதே அதன் வரிசைகளுக்கு நடுவே கொள்ளும் தட்டைப்பயறும் விதைத்து, கருது (கதிர்) ஒடித்த பிறகு மார்கழியிலும் தையிலும் ஆட்டை அங்கே மேய்த்தார்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும். பலன் கிடைத்த இடம்தான் பலருக்கும் புரிவதில்லை. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பலன் கொறங்காட்டில்

மக்காச்சோளக் காட்டில் விளைந்த கொள்ளுத்தழை எவ்வளவு, அதன் விலை என்ன என்று கணக்குப் போட்டால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஒரு ஏக்கருக்கு உலர்ந்த எடையில் 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மானாவாரியாக, இன்னொரு பயிரின் நிழலில் முளைத்து வந்ததற்கு அது மோசமில்லை. ஆடு மிதித்தும் படுத்தும் வீணாக்கியது போக அறுபது சதவீதம் வாய்க்குப் போகும். மூன்று ஏக்கருக்கு 1,440 கிலோ. இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஆடு ஒரு நாளைக்கு உலர் எடையில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தின்னும். 900 கிராம் என்று போட்டால் முப்பது ஆட்டுக்கு 27 கிலோ. ஆக, ஐம்பது நாள் சொச்சத்துக்கு வரும். ஐம்பது நாள் தீவனத்துக்கா இவ்வளவு பாடு என்று யாரும் கேட்கலாம்.

அந்த ஐம்பது நாள் எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கொங்கு நாட்டுக்கு வருஷத்தில் விழும் மழையில் ஏறக்குறைய பாதி, ஐப்பசியில் தொடங்கி மார்கழிக்குள் முடியும் வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடுகிறது. கொறங்காட்டின் கொழுக்கட்டைப்புல் அந்த மழையில்தான் தூர் கட்டி, கதிர் விட்டு, விதை உதிர்க்கும். பல ஆண்டு நிற்கும் புல் அது. வேரில் சத்துச் சேர்த்து வைத்துக்கொண்டால் கோடையைத் தாங்கி, அடுத்த மழைக்குத் தானாகத் துளிர்க்கும். நாம் என்ன செய்கிறோம்? முதல் மழைக்குப் பச்சை தெரிந்ததும் வேலிக் கடவைத் திறந்து ஆட்டை விட்டுவிடுகிறோம். துளிர்க்கத் துளிர்க்கக் கடிபடும் புல் வேரில் இருப்பதைச் செலவழித்தே அடுத்த துளிரை விட வேண்டும். இரண்டு மூன்று வருஷம் இப்படிப் போனால் தூர் செத்து, அந்த இடத்தில் ஆடு தொடாத களைதான் நிற்கும்.

ஆடு மார்கழியிலும் தையிலும் மக்காச்சோளக் காட்டில் நின்றால் கொறங்காட்டை அதுவரை சாத்தி வைக்கலாம். புல் முழுசாக வளர்ந்து, விதை உதிர்த்து, நின்றபடியே காய்ந்துவிடும். மாசி, பங்குனிக்கு அதுதான் வைக்கோல். காய்ந்த புல்லில் புரதம் குறைவு, மறுக்கவில்லை. ஆனால் கோடையில் உதிரும் வெள்வேலங்காய் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். கொறங்காட்டில் வெள்வேல மரத்தை விட்டு வைத்ததற்கு முன்னோர்களுக்கு நிழல் மட்டும் காரணம் இல்லை.

அக்கா இதை என்னிடம் ஒரே மூச்சில் சொன்னார்: “பச்சையா இருக்கறப்பவே காலு வெச்சா புல்லு என்ன பண்ணும் கண்ணு? அதுக்கு மூச்சு உட நேரம் வேண்டாமா? ஆட்ட வேற பக்கம் நிறுத்தறதுக்கு ஒரு எடம் இருந்தாத்தான் இதுவெல்லாம் ஆகும்.” அந்த “வேற பக்கம்” தான் இந்த ஆய்வு முழுவதும்.

ஈரம் போவதற்குள்

அமெரிக்காவின் மக்காச்சோளப் பகுதிகளில் அறுவடைக்குப் பின் ரை, ஓட்ஸ் போன்றவற்றை விதைத்துக் குளிர்காலத்திலும் இளவேனிலிலும் மாடு மேய்க்கும் வழக்கம் உண்டு. அறுவடை வரை காத்திருந்தால் குளிர் முந்திக்கொள்ளும் என்று நிற்கும் பயிருக்குள்ளேயே விமானத்தில் விதை தூவுவதும் உண்டு. நமக்குக் குளிர் ஒரு தடையே இல்லை. மார்கழியிலும் இங்கே பயிர் வளரும். நமக்குத் தடை ஈரம். மழை நின்று, வாடைக்காற்று அடித்து, சரளை மண் காய்ந்து போவதற்குள் விதை முளைத்து வேர் இறக்கியிருக்க வேண்டும்.

முதல் வருஷம் இங்கே நடந்தது அதுதான். கருதை ஒடித்து, தட்டை அறுத்து, உழவு ஓட்டி, ‘முறையாக’ விதைத்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஆள் கிடைத்து முடிய கார்த்திகைக் கடைசி ஆகிவிட்டது. அதற்குப் பின் சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை. கொள்ளு ஒரு சாண் வளர்ந்து பூத்துவிட்டது. ஈரம் இல்லாதது மட்டும் அதற்குக் காரணம் அல்ல. கொள்ளு பகல் குறுகினால் பூக்கும் பயிர். தள்ளி விதைத்தால் இலை கட்டுவதற்கு முன்பே பூவுக்குப் போய்விடும். பயறு வேண்டுமென்றால் அது சரி, தழை வேண்டுமென்றால் நஷ்டம்.

அதற்கப்புறம் விதைப்பை ஐப்பசி முதல் வாரத்துக்கு இழுத்து வந்தார்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி விதைத்த மக்காச்சோளத்துக்கு அப்போது எண்பது நாள் நெருங்கியிருக்கும். கருது பால் கட்டி முற்றும் பருவம், அடி இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். விதைக்கும் நாளை நேரில் பார்க்க வேண்டும். அக்கா முன்னால் போவார். கருதுக்குக் கீழே உள்ள இலைகளை இரண்டு கையாலும் உரித்துக் கட்டாகக் கட்டி வரப்பில் போடுவார். அது அன்றைக்குப் பசுக்களுக்கு. இலை போனதும் வரிசைக்குள் வெளிச்சம் விழும். பின்னால் அண்ணன் மடியில் விதையைக் கட்டிக்கொண்டு, இரண்டடி இடைவெளிக்குள் வீசிக்கொண்டே வருவார். அவருக்குப் பின்னால் கூலிக்கு வந்த ஒருவர் களைக்கொத்தால் மண்ணை லேசாகக் கீறி விடுவார். விதை மேலாகக் கிடந்தால் மயிலுக்குத்தான் போகும். இந்தப் பக்கம் மயில் தொல்லை எப்படி என்று வெள்ளாமை செய்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கீறி மூடியது போக, விடிகாலையில் யாராவது ஒருவர் ஒரு வாரம் காட்டில் நிற்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஏக்கருக்கு எட்டு கிலோ கொள்ளு, நான்கு கிலோ தட்டைப்பயறு. விதை சொந்த விதை. வரப்போரம் வெயில் நன்றாக விழும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கம்பு. கார்த்திகை முதல் வாரத்தில் கருது ஒடித்து, தட்டை அறுத்து எடுத்ததும் நிழல் விலகும். அதுவரை நூல்போல நின்ற கொள்ளு அப்புறம் பத்தே நாளில் தரை தெரியாமல் படர்ந்துவிடுகிறது.

களை மருந்து

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு வருஷம், மூன்று ஏக்கரில் ஒரு பாதியில் கொள்ளு முளைத்து, இலை ஓரம் மஞ்சளாகி, கருகிப் போய்விட்டது. மறு பாதி நன்றாக இருந்தது. மண் ஒன்று, விதை ஒன்று, விதைத்த நாளும் ஒன்று. விசாரித்ததில் காரணம் தெரிந்தது. மக்காச்சோளம் விதைத்த மூன்றாம் நாள் அந்தப் பாதிக்கு அட்ரசின் அடித்திருந்தார்கள், அதுவும் கை தாராளமாக. மறு பாதிக்கு ஆள் வைத்துக் கைக்களை எடுத்திருந்தார்கள்.

அட்ரசின் மக்காச்சோளத்தை ஒன்றும் செய்யாது. அந்தப் பயிருக்கு அதைச் சிதைத்துவிடும் சக்தி இருக்கிறது. பயறு வகைகளுக்கு அந்தச் சக்தி கிடையாது. மண்ணில் மிச்சம் தங்கினால் பின்னால் வரும் பயறு அடிபடும். மக்காச்சோளத்தில் பயறு ஊடுபயிர் போடுவதாக இருந்தால் அட்ரசின் வேண்டாம், பெண்டிமெத்தலின் போதும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே இருக்கிறது. ஐப்பசியில் என்ன விதைக்கப் போகிறோம் என்பதை ஆடியில் மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். தீவனப் பயிரைப் பற்றிப் பேசும் பலர் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை.

படைப்புழுவுக்கு அடிக்கும் மருந்துக்கும் இதே கவனம் வேண்டும். 2018 முதல் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் படைப்புழு தங்கிவிட்டது, மருந்தில்லாமல் பயிர் தப்புவது அபூர்வம். இங்கே குருத்துப் பருவத்தோடு மருந்தடிப்பை முடித்துக்கொள்கிறார்கள். அடி இலையை உரித்து மாட்டுக்குப் போடுகிறோம் என்பதால், டப்பாவில் எழுதியிருக்கும் காத்திருப்பு நாளைப் பார்க்காமல் ஒரு கட்டும் எடுக்கக் கூடாது.

ஆட்டை விடும் விதம்

கார்த்திகைக் கடைசியில் ஆட்டை இறக்குகிறார்கள். அதற்கு முன் ஒரு வேலை: காடு முழுக்க நடந்து, உதிர்ந்து கிடக்கும் கருதுகளைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். பசியோடு வரும் ஆடு முதலில் தேடுவது கருதைத்தான். தானியம் ஒரேயடியாக உள்ளே போனால் வயிற்றில் அமிலம் ஏறி, ஆடு அசை போடாமல் படுத்துவிடும், உயிரே போகும். தட்டு மேய்ச்சலுக்கு விட்ட ஆடு திடீரென்று செத்தது என்று கேள்விப்படும் பல கதைகளுக்குப் பின்னால் இந்தக் கருதுதான் இருக்கும் என்பது என் எண்ணம்.

காலையில் பனி உலர்ந்த பிறகே விடுகிறார்கள். ஈரப்புல்லில் குடற்புழுக் குஞ்சுகள் நுனிக்கு ஏறி நிற்கும், வெயில் ஏற ஏறக் கீழே இறங்கிவிடும். முதல் வாரம் பட்டியில் கொஞ்சம் தட்டைத் தின்ன வைத்து, அரை வயிறோடு, ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும். பச்சைப் பயறைப் பழக்கமில்லாத ஆடு மூச்சு முட்டத் தின்றால் உப்புசம் வரும். மழைக்குப் பின் வரும் இளம்பச்சையோடு சேர்ந்து வருவது துள்ளுமாரி நோய். நல்ல கொழுத்த ஆடுதான் முதலில் விழும். அதற்கான தடுப்பூசியை மழை தொடங்குவதற்கு முன்பே போட்டுவிடுகிறார்கள்.

மூன்று ஏக்கரையும் ஒரேயடியாகத் திறந்து விட்டால் ஆடு நல்ல இலையை மட்டும் கடித்துவிட்டு மீதியை மிதித்துவிடும். அதனால் வலை கட்டிப் பட்டை பட்டையாகத் தடுத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு பட்டை. நான்கு விரல் கட்டை நிற்கும்போதே அடுத்த பட்டைக்கு மாற்றிவிடுவார்கள். மழை பெய்த மறுநாள் ஆட்டைக் காட்டுக்குள் விடுவதில்லை. சரளை நிலம் என்பதால் இங்கே பெரிய சேதம் இல்லை. பல்லடம், உடுமலைக் கரிசலில் ஈரத்தில் ஆடு மிதித்தால் மண் இறுகிப் போகும், அடுத்த உழவுக்கு டிராக்டர் திணறும்.

இரவில் மேய்ந்த பட்டையிலேயே படல் கட்டிப் பட்டி போடுகிறார்கள். ‘ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்’ என்று சொல்வதுபோல, தொடர்ந்து வந்த நிலக்கடலையில் பட்டி போட்ட இடம் எது, போடாத இடம் எது என்று வரப்பில் நின்றே காட்ட முடிந்தது. ஆனால் திறந்த காட்டில் பட்டி போடுவது இப்போது முன்போல நிம்மதியான காரியம் இல்லை. தெருநாய்க் கூட்டம் இரவில் பட்டிக்குள் புகுந்து ஆட்டைக் கடித்துக் குதறுவது காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களில் சில வருஷமாகப் பெரிய வேதனை. இழப்பீடு கேட்டு விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடியிருக்கிறார்கள். காலையில் போய்ப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு ஆடு குடல் சரிந்து கிடக்கும் காட்சியை ஒருமுறை கண்டவர் மறக்க மாட்டார். இங்கே படலுக்கு வெளியே ஆள் உயரக் கம்பி வலை சுற்றி, அண்ணன் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுக்கிறார். அந்தத் தூக்கத்துக்கு யாரும் கூலி போடுவதில்லை.

சோளம் ஏன் வேண்டாம்

தீவனம் என்றதும் நம் கை சோளத்துக்குத்தான் போகும். வெட்டிப் போடவும் காய வைத்துப் போர் போடவும் சோளத்துக்கு ஈடில்லை. பலமுறை வெட்டும் கோ எஃப்எஸ் 29 ரகத்தை வைத்துப் பால்மாட்டுப் பண்ணையையே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நின்ற நிலையில் ஆட்டை விட்டு மேய்ப்பதற்குச் சோளம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

இளஞ்சோளத்தின் இலையில் உள்ள ஒரு பொருள், ஆடு மாடு மென்று விழுங்கியதும் வயிற்றில் சயனைடாக மாறுகிறது. பயிர் முழங்காலுக்குக் கீழே இருக்கும்போதும், வாடி நிற்கும்போதும், வெட்டிய கட்டையில் மழைக்குப் பிறகு மறுபடி துளிர்க்கும்போதும் அது அதிகம். பூத்த பிறகு குறைந்துவிடும். இந்தத் தோட்டத்தில் கிணற்றோரம் தட்டுக்காக அறுத்த சோளக்கட்டை கார்த்திகை மழையில் ஒரு சாண் துளிர்த்திருந்தது. கயிற்றை அவிழ்த்துக்கொண்ட கிடாரி ஒன்று அதில் போய் வாய் வைத்தது. சிறிது நேரத்துக்குள் மூச்சு இரைத்து, கால் பின்னி, விழுந்துவிட்டது. கண் இமையைப் புரட்டிப் பார்த்தபோது உள்ளே பளீரென்று சிவந்திருந்தது. இரத்தத்தில் உயிர்க்காற்று இருக்கிறது, உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் அந்தச் சிவப்பு. கால்நடை மருத்துவர் பக்கத்து ஊரில் இருந்தது அதிர்ஷ்டம். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் இரத்தக் குழாயில் ஏற்றியதும் எழுந்துகொண்டது. அரை மணி நேரம் தாமதித்திருந்தால் கிடாரி இல்லை.

கம்பில் இந்த விஷம் கிடையாது. வரப்போரம் கம்பு போட்டதற்குக் காரணம் அதுதான்.

கணக்கு

செலவு என்று பார்த்தால் முப்பத்தாறு கிலோ விதை, கீறி விட ஒரு ஆள் கூலி, வலை. வலை பல வருஷம் வரும். மக்காச்சோள விளைச்சல் குறைந்ததாக அண்ணன் சொல்லவில்லை. கருது முற்றும் நேரத்தில்தான் கொள்ளு முளைக்கிறது, போட்டிக்கு வாய்ப்பு குறைவு. வரவில் முதலாவது, மாசியில் தொடங்கிய தட்டுக் கொள்முதல் சித்திரைக்குத் தள்ளிப் போனது. இரண்டாவது, மார்கழியில் சினையின் கடைசிக் கட்டத்தில் இருந்த ஆடுகள் பயறுத்தழை தின்றதில் குட்டிகள் திடமாக விழுந்தன, தாய்க்குப் பால் நன்றாகச் சுரந்தது. வெறும் மக்காச்சோளத்தட்டில் நான்கைந்து சதவீதம் புரதம் இருந்தாலே அதிகம். ஆடு தன் உடம்பை வைத்துக்கொள்ளவே எட்டு சதவீதம் வேண்டும். பயறுத்தழையில் அதைத் தாண்டியே கிடைக்கும். மூன்றாவது கொறங்காடு. மூன்று மழைக்காலம் சாத்தி வைத்த கீழண்டை அடைப்பில் தூருக்குத் தூர் இடைவெளி குறைந்து, உதிர்ந்த விதையிலிருந்து புதுத் தூர்கள் வந்திருக்கின்றன. மேலண்டை அடைப்பை மூட முடியவில்லை. மக்காச்சோளக் காட்டுக்குள் ஆடு போவதற்கு முன், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அவை எங்கேயாவது நிற்க வேண்டுமே. அந்த இரண்டு மாதத்துக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

எல்லாருக்கும் இது ஒத்து வராது. இயந்திரத்தால் அறுவடை செய்யும் காட்டில் சக்கரம் ஓடிய தடமெல்லாம் கொள்ளு நசுங்கிவிடும். கையால் கருது ஒடிக்க ஆள் கிடைக்கும் இடத்தில்தான் இது நடக்கும். வேலி இல்லாத காட்டிலும் சிரமம்தான். அறுவடை முடிந்த காடு ஊர் ஆட்டுக்கெல்லாம் பொது என்ற வழக்கம் இருக்கும் ஊரில் ஒருவர் மட்டும் தழையை நிறுத்தி வைத்தால் சண்டைதான் வரும். முன்கூட்டிப் பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது. பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் மண்டலம் மண்டலமாக முறை வைத்து வரும் இடங்களில் விதைப்பே புரட்டாசிக்குத் தள்ளிப் போகும். அங்கே ஐப்பசியில் ஊடே விதைக்க மக்காச்சோளம் தயாராக இருக்காது. வாய்க்காலில் தண்ணீர் நின்றபின் மண்ணில் மிஞ்சும் ஈரத்தை நம்பித் தையில் விதைக்கலாமா என்று அங்குள்ளவர்கள்தான் ஒரு சிறு துண்டில் போட்டுப் பார்க்க வேண்டும்.

வரும் ஆடிக்கு இந்தத் தோட்டத்தில் இரண்டு மாற்றம் செய்யப்போகிறார்கள். மூன்று ஏக்கரில் ஒரு ஏக்கருக்குப் பத்து நாள் முந்தி முற்றும் மக்காச்சோள ரகம் போட்டு, அங்கே கொள்ளையும் முன்கூட்டி விதைப்பது ஒன்று. ஆடு அங்கே கார்த்திகை நடுவிலேயே இறங்கிவிடும், மேலண்டை அடைப்பையும் அப்போதே சாத்திவிடலாம். நிலக்கடலை எடுத்த இரண்டு ஏக்கரில், கடலை பிடுங்கிய ஈரத்திலேயே தட்டைப்பயறு விதைப்பது இன்னொன்று. “ரெண்டும் பலிச்சா தட்டு வாங்கற காசுல ஒரு கிடாரி புடிச்சுப் போடலாமுங்க” என்கிறார் அண்ணன். அக்கா முதலில் கம்பி வலையை இன்னொரு சுற்று வாங்கச் சொல்கிறார்.